மழை எங்கே போகும்? – ஒரு விளையாட்டரங்க முகப்பின் கதை

இல்ல அலங்காரம் என்றாலே நம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு மூங்கில், கயிறு, கிறேப் தாள், கோந்து ஆகிய நான்கும் நினைவுக்கு வரும். விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் மாலை, மைதானத்தின் ஓரத்தில் இல்லத்துக்கு ஒன்றாகக் கூடாரங்கள் எழும்பும். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு வாசல். அந்த வாசலுக்குத்தான் புள்ளிகள். அதனால் ஓடுகிற பிள்ளைகளை விட ஒட்டுகிற பிள்ளைகளே அன்றிரவு அதிகம் களைத்துப்போவார்கள்.

நான் பதினோராம் ஆண்டில் படித்தபோது எங்கள் இல்லத்தின் வாசல் என் பொறுப்பில் வந்தது. வரலாற்றுப் புத்தகத்தில் உரோமாபுரியின் கொலோசியம் படம் இருந்தது. அதைப் பார்த்து அட்டையில் வளைவுகள் வெட்டி, மூன்று அடுக்காக மூங்கிலில் கட்டி, மஞ்சள் கிறேப் தாள் சுற்றினோம். காலையில் பார்த்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வட்டவளைப் பக்கம் கறுத்தது. கால் மணி நேரத்தில் உரோமாபுரி கரைந்து எங்கள் வெள்ளைச் சப்பாத்துகளில் மஞ்சளாக ஓடியது. கூடாரத்துக்குள் இருந்த சின்னப் பிள்ளைகள் அனைவரும் நனைந்துவிட்டார்கள். இல்லப் பொறுப்பாசிரியை ஒன்றும் ஏசவில்லை. “வாசல் நல்லா இருந்துச்சு மகள். ஆனா உள்ளுக்கு இருந்தவங்களுக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்லயே” என்று மட்டும் சொன்னார்.

பல ஆண்டுகளுக்குப் பின், 2013இல், பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை இறுதிச் செயற்றிட்டத்துக்காக ஒரு விளையாட்டரங்கின் முகப்பை வடிவமைக்கத் தொடங்கியபோது அந்தச் சொல் திரும்ப வந்தது. சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு ஏதேனும் எழுதும்படி அக்காமார் கேட்டபோது, அந்த முகப்பின் கதையையும், அதற்காக நான் தேடிப் படித்த பழைய முகப்புகளின் கதையையும் எழுதலாம் என்று தோன்றியது. றொசல்லயில் வளர்ந்த ஒருத்திக்கு இவை இரண்டும் ஒரே கதைதான்.

இலக்கமிட்ட வாசல்கள்

கொலோசியத்தை நாங்கள் அட்டையில் செய்தபோது அதன் வளைவுகள் அழகுக்காக வைக்கப்பட்டவை என்றே நினைத்திருந்தேன். கி.பி. 80இல் திறக்கப்பட்ட அந்த அரங்கில் ஏறத்தாழ 50,000 பேர் இருக்கலாம். நிலத்தளத்தில் 80 வளைவுகள். அவற்றில் 76 வளைவுகளின் மேல் இலக்கம் செதுக்கப்பட்டிருந்தது. பார்வையாளர் தம் அனுமதிச் சின்னத்தில் உள்ள இலக்கத்தைப் பார்த்து, அதே இலக்க வளைவால் நுழைந்து, அதற்குரிய படியில் ஏறித் தம் இடத்தை அடைவார். வெளியேறுவதும் அப்படியே. வெளியே நின்று பார்ப்பவருக்கு அது முகப்பு. உள்ளே இருப்பவருக்கு அது வழி. உலகத்தின் பெரிய விளையாட்டரங்குகள் இன்றும் இந்தக் கணக்கின் மீதே நிற்கின்றன.

அதே அரங்கின் இன்னொரு கணக்கு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செனற்றர்கள் களத்துக்கு அருகே பளிங்கு இருக்கைகளில் இருந்தார்கள். தகுதி குறையக் குறைய இருக்கை மேலே போனது. பெண்கள் உச்சியில், ஏழைகளோடு. பேரரசர் அகஸ்டஸ் காலத்திலேயே பெண்களை மேல் வரிசைகளுக்கு அனுப்பும் விதி வந்துவிட்டது. அதற்கும் முன்னே, கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் மணமான பெண்கள் போட்டிகளைப் பார்க்கவே கூடாது. தெமேத்தர் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருவருக்கு மட்டும் விலக்கு.

நவீன ஒலிம்பிக்கிலும் 1896இல் ஏதென்ஸில் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. 1900இல் பாரிஸில் டெனிஸ், கோல்ப் போன்ற சிலவற்றில் இடம் கிடைத்தது. ஓட்டம், பாய்ச்சல் போன்ற மெய்வல்லுநர் போட்டிகளில் பெண்கள் முதன்முதல் இறங்கியது 1928இல், அம்ஸ்ரர்டாமில். அதற்காக யான் வில்ஸ் என்ற கட்டடக் கலைஞர் செங்கல்லால் ஓர் அரங்கைக் கட்டினார். அப்போது ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் நடந்தன. அந்த அரங்கின் வடிவமைப்புக்காக வில்ஸுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. உள்ளே 800 மீற்றர் ஓடிமுடித்த பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று பெரிய பேச்சு எழுந்தது. ஓடி முடித்த ஆண்களும் களைத்து விழுவதுண்டு. ஆனாலும் 1960 வரை பெண்களுக்கு அந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் நிறுத்தி வைக்கப்பட்டது. முகப்புக்குப் பதக்கம் கிடைத்த அரங்கிலேயே உள்ளே ஓடியவர்களுக்குத் தடை பிறந்தது. நம் சங்கம் தொடங்கிய பத்தாண்டும் அதுவே.

நம் மலையில் மைதானங்கள்

றொசல்ல என்றால் வெளியூர்க்காரர் பலருக்கு வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ரயில் நின்று போகும் ஓர் இடம். நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த ரயில் பாதை ஹட்டனை அடைய 1884 ஆயிற்று. அடுத்த ஆண்டு நானுஓயா. கோப்பிச் செடியை நோய் அழித்து, தேயிலை மலையைப் பிடித்துக்கொண்ட காலம் அது. பாதை ஏறிய மலையில் துரைமாரின் கிளப்புகளும் மைதானங்களும் ஏறின. நுவரெலியாவில் குதிரைப் பந்தயம் 1875இல் தொடங்கியது. தரவளையிலும் ராதல்லவிலும் துரைமார் கிரிக்கெட் ஆடினார்கள். ராதல்ல மைதானத்தில் வெளிநாட்டு அணிகளும் வந்து விளையாடியிருக்கின்றன.

இந்த மைதானங்களுக்கு எல்லாம் ஒரு பவிலியன் உண்டு. தகரக் கூரை, வெள்ளை மரக் கைப்பிடி, அகன்ற விறாந்தை. மைதானத்தைச் சமப்படுத்தியதும் புல்லை வெட்டியதும் உருளை இழுத்ததும் தோட்டத்துத் தொழிலாளர்கள். ஆட்டத்தின்போது அவர்கள் நின்றது மேட்டில், தேயிலை விளிம்பில். பவிலியனின் முகம் ஆடுகளத்தைப் பார்த்தது; அவர்கள் பார்த்தது அதன் முதுகை.

தொழிலாளருக்கென்று கட்டியதற்கு முகமே கிடையாது. லயம் என்பது ஒரே காம்பரா பன்னிரண்டு தரம், இருபது தரம் திரும்ப வருவது. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி, ஒரு கதவு, முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசை. எந்தக் கதவு யாருடையது என்பதைச் சுவரில் அடித்த சுண்ணாம்பின் நிறமும் வாசலில் போட்ட கோலமும்தான் சொல்லும். நம் பாட்டிமாரும் அம்மாமாரும் ஒரு முகப்பை உருவாக்கியிருந்தார்கள் என்றால் அது அந்தக் கோலம்தான்.

கூட்டமாகச் சேர இடங்கள் இருந்தன. காலையில் பேர் கொடுக்கப் பிரட்டுக்களம், மாசி மாதத்தில் காமன் கூத்துக்குப் பொட்டல், திருவிழாவுக்குக் கோயிலடி. இவற்றில் எதற்கும் கூரையோ இருக்கையோ இல்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம் மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆக்கப்பட்டபோது, ஊரின் பொது இடங்களில் நமக்கு என்ன உரிமை என்று கேட்கும் வாயும் அடைபட்டது. பொது மைதானம், பொதுக் கட்டடம் என்பதெல்லாம் குடிமக்களுக்கானவை. அதனால்தான் மலைநாட்டில் ஒரு விளையாட்டரங்கு என்பதை வெறும் விளையாட்டு விடயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்டியிலிருந்து ஒரு பெண்

கட்டடக்கலை படிக்கப் போகிறேன் என்றபோது, “அது ஆம்பளைகள் படிக்கிறது இல்லையா?” என்று உறவில் பலர் கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்ல அப்போது எனக்கு ஒரு பெயர் தெரிந்திருக்கவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில்தான் மினட் டி சில்வாவைக் கண்டுபிடித்தேன்.

1918இல் கண்டியில் பிறந்தவர். பம்பாயிலும் பிறகு லண்டனிலும் கட்டடக்கலை படித்தார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவரே முதல்வர். திரும்பிவந்து கண்டியில் தம் அலுவலகத்தை நடத்தினார். அவர் கட்டிய கருணாரத்ன இல்லம் மலைச் சரிவை வெட்டிச் சமன் செய்யாமல், சரிவோடு படிப்படியாக இறங்குகிறது. தும்பறைப் பாய் பின்னுவோரையும் சுட்ட மண் ஓடு செய்வோரையும் அழைத்து அவர்களுடைய கைவேலையைப் புதிய கட்டடத்துக்குள் சேர்த்தார். 1950களில் கண்டி வட்டபுலுவ வீடமைப்புத் திட்டத்தைச் செய்தபோது, வீடு கிடைக்கப்போகும் குடும்பங்களிடமே வினாக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். இன்று இதைப் பாடத்தில் சொல்லித் தருகிறார்கள். அவர் அதைச் செய்த காலத்தில் அது விசித்திரமாகப் பட்டது. 1996இல் இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1998இல் காலமானார்.

அவருடைய தாயார் அக்னஸ் டி சில்வாவைப் பற்றி வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தின் சார்பில் அவர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் போனார். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமென்றா கேட்கிறீர்கள் என்று டொனமூர் பிரபு வினவினார். அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் தயங்காமல் பதில் சொன்னார். 1931இல் வாக்குரிமை வந்தது. மகள் வீடு கட்டுமுன் வீட்டுக்காரர்களிடம் கேள்வி கேட்டதற்கு வித்து எங்கே விழுந்தது என்பது எனக்கு அன்று விளங்கியது.

மூன்று அரங்குகள், மூன்று பாடங்கள்

செயற்றிட்டத்துக்காகப் படித்த அரங்குகளில் மூன்றைச் சொல்ல வேண்டும்.

முதலாவது அகமதாபாத்தின் சர்தார் வல்லபாய் படேல் அரங்கு. 1960களில் கட்டடக் கலைஞர் சார்ள்ஸ் கொரேயாவும் பொறியியலாளர் மகேந்திர ராஜும் செய்தது. மடித்த தாள் எப்படி மடியாத தாளைவிட விறைப்பாக நிற்குமோ, அப்படிக் கொங்கிரீட்டை மடிப்பு மடிப்பாக வார்த்து, முன்னால் தூணே இல்லாமல் கூரையை நீட்டினார்கள். வெளிப்புறத்தில் தெரிவதும் அந்த மடிப்புகளே. தனியாக ஒட்டிய அலங்காரம் எதுவும் இல்லை. தாங்குகிற எலும்பே முகமாகிவிட்டது.

இரண்டாவது சென்னை சேப்பாக்கம். கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும், பழைய கொங்கிரீட் மேடைகளில் தூண்கள் பார்வையை மறைத்தன, வெக்கை உள்ளேயே தங்கியது. 2011 உலகக் கிண்ணத்துக்காகப் புதிய மேடைகள் எழுந்தபோது, லண்டனின் ஹொப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் சேர்ந்து, ஒளி ஊடுருவும் துணிக் கூரைகளை இழுத்துக் கட்டி, மேடைகளுக்கு இடையே இடைவெளி விட்டார்கள். அந்த இடைவெளியால் கடற்காற்று வருகிறது. அங்கே முகப்பின் சிறந்த பகுதி சுவர் இல்லாத பகுதி.

மூன்றாவது நம் நாட்டிலேயே, காலியில். அங்கே மைதானத்துக்கு முகப்பு தேவைப்படவில்லை. ஒல்லாந்தர் கோட்டை நிற்கிறது. 1998இல் டெஸ்ட் ஆட்டம் வந்த நாள் முதல், நுழைவுச்சீட்டு வாங்க வசதியில்லாதவர்கள் கோட்டை மதிலில் ஏறி இருந்து பார்க்கிறார்கள். யாரும் விரட்டுவதில்லை. நகரைக் காக்கக் கட்டிய மதில் இன்று இலவச இருக்கை. பின்னாளில், 2018இல், மைதானத்தின் பவிலியன் கோட்டையின் காட்சியைக் கெடுக்கிறது, அகற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது நாடே விவாதித்தது.

மலைநாட்டுக்கு இன்னும் நெருக்கமானது கண்டி அஸ்கிரிய. அது திரினிட்டி கல்லூரியின் மைதானம். மலையை வெட்டிக் களம் எடுத்தார்கள். வெட்டிய சரிவு இருக்கையாயிற்று. சரிவுள்ள இடத்தில் அரங்கின் பாதி ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது என்பதை அங்கிருந்து எடுத்துக்கொண்டேன்.

முதல் வரைபடம்

இவ்வளவும் படித்த பிறகாவது நான் புத்தியாக வரைந்திருக்க வேண்டும். வரையவில்லை. பெய்ஜிங்கின் பறவைக் கூடு அரங்கு எல்லா மாணவரையும் போல என்னையும் பிடித்திருந்தது. 2008 ஒலிம்பிக்குக்குச் சுவிற்சர்லாந்தின் ஹெர்சொக், டி மொய்ரொன் செய்த அந்த அரங்கில் உருக்குத் துண்டுகள் ஒன்றை ஒன்று பின்னிக்கொண்டு கூடாகின்றன. 42,000 தொன் உருக்கு. நான் றொசல்லைக்கும் ஹட்டனுக்கும் இடையே ஒரு சரிவைக் கற்பனைக் களமாக எடுத்து, ரயிலில் போகிறவர் வியந்து பார்க்கும்படி, தேயிலைக் கிளைகள் பின்னியது போல ஒரு முகப்பை வரைந்தேன். மூன்று வாரம் தூங்காமல் மாதிரியுரு செய்தேன்.

இடைக்கால மதிப்பீட்டில் ஒரு விரிவுரையாளர் மாதிரியுருவைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “மழை எங்கே போகும்?”

என்னிடம் பதில் இல்லை. கிளைகளுக்கிடையே எல்லாம் திறந்தே இருந்தது. வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் ஒன்று. அங்கேயே பிறந்து வளர்ந்த நான் மழையை மறந்து வரைந்திருந்தேன். கிறேப் தாளுக்குப் பதில் உருக்கு. மற்றப்படி அதே வாசல்.

ஸ்டோர் மாடி

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். வரைபடத்தைத் தரையில் விரித்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “காத்து உள்ள வரணும், வெளிய போகணும். மழை மட்டும் வரப்படாது. இதத்தானே புள்ள நாங்க மேல் மாடியில காலம் பூரா செஞ்சோம்.”

நம் எல்லாருக்கும் தெரிந்த கட்டடம் அது. தெரிந்ததாலேயே யாரும் பார்ப்பதில்லை. தகரம் போர்த்த மூன்று நான்கு மாடி, வரிசை வரிசையாக யன்னல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மலையில் நிற்கும் கப்பல் போல இருக்கும். அந்த யன்னல்கள் அழகுக்காக அடுக்கப்பட்டவை அல்ல. பறித்த கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கு மேல் ஈரம். அரைக்குமுன் அதில் ஒரு பகுதியை இறக்க வேண்டும். பழைய நாளில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, மலைக்காற்றை நம்பி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவார்கள். காய்ந்த காற்று வீசும் பக்கம் யன்னலைத் திறப்பதும், மூடுபனி ஏறும் பக்கம் அடைப்பதும் ஒரு கலை. அது தவறினால் அன்றைய தேயிலை கெடும். அந்தச் சுவர் நாள் முழுவதும் வேலை செய்தது. கண்டபளையில் ஒரு பழைய தொழிற்சாலையை ஹோட்டலாக்கியபோதும் அந்த யன்னல் வரிசைகளைக் காப்பாற்றி வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் அவற்றைத்தான் படம் எடுக்கிறார்கள்.

விடுதிக்குத் திரும்பி ரிஜிபோமில் புதிய சுவர் செய்தேன். யன்னலுக்குப் பதில் சாய்ந்த பலகைகள். தோட்டத்தில் தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரப் பலகையை மனதில் வைத்தேன். மேசை மின்விசிறியை ஒரு பக்கம் வைத்து, பூவாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மேல் பலகையின் கீழ் விளிம்பு, கீழ்ப் பலகையின் மேல் விளிம்பைவிடத் தாழ்ந்து வந்து மறைக்காதவரை தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. மறைத்தபோது நின்றது, காற்று மட்டும் வந்தது. பக்கத்து அறைப் பிள்ளைகள் எனக்குப் பைத்தியம் என்றே முடிவு செய்தார்கள்.

நூறு பேர்

முகப்பு மழையைத் தடுத்தால் போதாது, ஆட்களை வெளியே விடவும் வேண்டும். இதை உலகம் உயிர் கொடுத்துக் கற்றது. 1971இல் கிளாஸ்கோவின் ஐபிரொக்ஸ் அரங்கில் ஆட்டம் முடிந்து இறங்கும் படிக்கட்டில் நெரிந்து 66 பேர் இறந்தார்கள். 1985இல் பிரட்பர்ட்டில் மர மேடை தீப்பிடித்தபோது பின்பக்கக் கதவுகள் பூட்டியிருந்தன, 56 பேர். 1989இல் ஷெபீல்டின் ஹில்ஸ்பரோ நெரிசலில் மாண்டவர்கள் 97 பேர். ஐபிரொக்ஸுக்குப் பிறகு பிரித்தானியாவில் ஒரு வழிகாட்டி நூல் வந்தது. படிக்கட்டில் ஒரு மீற்றர் அகலத்தில் நிமிடத்துக்கு 66 பேர் இறங்கலாம், எல்லாரும் 8 நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும் என்பது அதன் கணக்கு.

என் அரங்கில் மலைச் சரிவில் 4,000 பேர். அவர்கள் மேலே தெருவுக்கு ஏறிப் போய்விடுவார்கள். ரயில் பாதைப் பக்கம் எழும் மேடையில் 2,000 பேர். 1.2 மீற்றர் அகலப் படிக்கட்டு ஒன்றில் 8 நிமிடத்தில் 633 பேர் இறங்கலாம். நான்கு படிக்கட்டில் 2,500க்கு மேல். போதும் என்று கோடு கிழித்தேன். பிறகு ஒரு சந்தேகம்: ஒன்று அடைபட்டால்? மூன்றில் 1,900 பேர்தான். நூறு பேர் மிஞ்சினார்கள்.

தாளில் அது சிறிய எண். ஆனால் அந்த நூறு பேர் யார் என்று யோசித்தேன். கடைசியாக எழும்புகிறவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், நாள் முழுவதும் மலை ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்கள். என் அம்மா அந்த நூறில் ஒருவராகத்தான் இருப்பார். ஐந்தாவது படிக்கட்டை வரைந்தேன். வரைந்த பிறகுதான் முகப்புக்கு ஓர் ஒழுங்கு வந்தது: ஐந்து படிக்கட்டுக் கோபுரங்கள், இடையே சாய்பலகைச் சுவர்கள். ரயிலில் போகிறவர் பலகைகளுக்கிடையே ஆட்கள் ஏறி இறங்குவதைக் காணலாம். ஒவ்வொரு வாசலிலும் உரோமாபுரியைப் போல ஓர் இலக்கம், பக்கத்தில் ஒரு கோலம்.

மழைக்குப் பதில்

இன்னும் அந்தக் கேள்வி மிச்சம்: மழை எங்கே போகும்?

பாடசாலை நாளில் நகரத்து மைதானமொன்றில் வலய மட்டப் போட்டிக்குப் போவோம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவோம். அங்கே பிள்ளைகள் போகக்கூடிய மலசலகூடம் இல்லை. அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். வெயிலில் 800 மீற்றர் ஓடிய பிள்ளையும் நாவை நனைத்துவிட்டுத் துப்பிவிடுவாள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. நாம் யாரிடமும் சொன்னதில்லை; அவ்வளவுதான்.

என் மேடைக் கூரையின் நீளம் 60 மீற்றர், அகலம் 15 மீற்றர். 900 சதுர மீற்றர். வட்டவளை அளவுக்கு மழை பெய்தால் ஓர் ஆண்டில் அந்தக் கூரையில் விழும் நீர் 45 இலட்சம் லீற்றர். அதைப் பீலியால் இறக்கி, படிக்கட்டுக் கோபுரங்களின் அடியில் தொட்டிகளில் சேர்த்து, ஒவ்வொரு கோபுரத்தின் கீழும் பெண்களுக்கென்று மலசலகூடமும் உடை மாற்றும் அறையும் வைத்தேன். கதவுகள் மைதானத்தின் இருட்டு மூலையில் இல்லாமல், முகப்பிலேயே, வெளிச்சத்தில், எல்லாரும் நடமாடும் இடத்தில். அரங்கின் முகத்தில் மலசலகூடக் கதவா என்று இறுதி மதிப்பீட்டில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். இடைக்காலத்தில் மழையைப் பற்றிக் கேட்ட விரிவுரையாளர் அன்றும் இருந்தார். குழாய்களின் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போய், தொட்டி வரை வந்து, தலையசைத்தார்.

கண்காட்சி நாளில் அம்மாவும் அப்பாவும் கொழும்பு ரயிலில் வந்திருந்தார்கள். அப்பா பலகைகளின் சாய்வை மட்டும் பார்த்தார். அம்மா வாசல்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, “இதுல நம்ம போறது எந்த வாசல் புள்ள?” என்று கேட்டார். எல்லா வாசலும்தான் என்றேன். அவர் அதை நம்பினாரா தெரியாது. ஆனால் திரும்பிப் போகும்போது மூன்றாம் இலக்கக் கோலத்தில் ஒரு புள்ளி பிசகியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு

அந்த அரங்கு கட்டப்படவில்லை. மாணவச் செயற்றிட்டங்கள் கட்டப்படுவதற்காக வரையப்படுவதில்லை. அதன்பின் உலகில் சில முகப்புகள் எழுந்தன. தோக்கியோவில் சகா ஹடிட் வடிவமைத்த பிரமாண்டமான அரங்கு செலவு கூடியதால் 2015இல் கைவிடப்பட்டது. பதிலாகக் கெங்கோ குமா செய்த அரங்கு 2019இல் முடிந்தது. ஜப்பானின் 47 மாகாணங்களிலிருந்தும் மரம் கொண்டுவந்து, அடுக்கடுக்கான இறவாரங்களாக வைத்து, அவற்றின் இடையால் காற்று உள்ளே போகும்படி அமைத்திருக்கிறார். படத்தைப் பார்த்தவுடன் அப்பாவுக்குக் காட்டினேன். “நம்ம ஸ்டோர் மாதிரி” என்றார். அதே 2019இல் கட்டாரில் ஹடிட்டின் இன்னோர் அரங்கு, பாய்க்கப்பல் வடிவில், திறக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் உயிரோடில்லை. கட்டடக்கலையின் பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஈரானில், பல பத்தாண்டுத் தடைக்குப் பின், பெண்கள் உலகக் கிண்ணத் தகுதிகாண் காற்பந்தாட்டம் ஒன்றைப் பார்க்கச் சீட்டு வாங்கி உள்ளே போனார்கள். அந்த அரங்கின் பெயர் ஆசாதி. பாரசீகத்தில் அதற்குச் சுதந்திரம் என்று பொருள்.

நான் இப்போது அரங்குகள் வரைவதில்லை. பாடசாலைக் கட்டடங்களும் வீடுகளும்தான் வேலை. ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் முன்பக்கப் படத்தைத்தான் முதலில் கேட்பார்கள். நான் முதலில் மூன்று விடயங்களை எழுதிக் காட்டுவேன்: தண்ணீர் எங்கே போகும், ஆட்கள் எப்படி வெளியேறுவார்கள், பெண்பிள்ளைகளுக்குக் கதவு எங்கே. அவை சரியாக விழுந்தால் முன்பக்கம் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

நூற்றாண்டை ஒட்டி நம் மைதானத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் தோழியர் பலர் எழுதுகிறார்கள். நினைவு வளைவு ஒன்று கட்டலாம் என்ற யோசனையும் வந்திருக்கிறது. வளைவு அழகுதான், எனக்கும் வளைவுகளில் ஒரு பழைய ஆசை உண்டு. கட்டுவதானால் அதன் இரு பக்கமும் கூரை நீண்டு, சின்னப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்க இடம் இருக்கட்டும். அந்தக் கூரையின் தண்ணீர் ஒரு தொட்டிக்குப் போகட்டும். தொட்டிக்குப் பக்கத்தில் உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய நான்கு கதவுகள் இருக்கட்டும். வரைபடத்தை நான் இலவசமாகத் தருகிறேன். கோலத்தின் புள்ளிகளை மட்டும் அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டு அனுப்புவேன்.